எல்லைக்கோட்டு ரஸிகர்

தோல்வியில் பல ஜாதி உண்டு. பரீட்சையில் 35 மார்க் வேண்டிய இடத்தில் 34 வாங்கித் தோற்பது ஒன்று. சீட்டாட்டத்தில் கையிலே துருப்பை வைத்துக்கொண்டே தோற்பது மற்றொன்று. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு இந்த நுட்பம் நன்றாகத் தெரியும். ஜெயிக்க முடியாவிட்டாலும் டெபாஸிட்டாவது மிஞ்சட்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிற அபேட்சகர்கள் எத்தனை பேர்!

ஆனால், "எங்க கட்சி 17 ரன்னிலே தோற்றிருந்தா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பேன் ஸார், பாவிங்க, 27 ரன்னிலே இல்லே தோத்துத் தொலைச்சாங்க!" என்று ஒரு மனிதர் நெஞ்சிலே அடித்துக்கொள்வதை நேயர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்பேர்ப்பட்ட ரஸிகரைப் பார்க்க வேண்டுமானால் ஓசூருக்குத்தான் போக வேண்டும்.

ஓசூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூதறிஞர் ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் காய்கறிக்கும் ரோஜாப் பூவுக்கும் குளிருக்கும் பெயர் போன ஊர். 1970களில் சிப்காட் வந்தது. பின்னாலேயே லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற தொழிற்சாலைகள் வந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு சேர்ந்தது; 2019இல் மாநகராட்சி ஆயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பத்திரிகையைப் பங்கு போட்டுப் படிக்கும். ஊருக்கு மேற்கே ஜூஜுவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம்.

இதில் கிரிக்கெட் ரஸிகருக்கு வந்த சங்கடம் என்னவென்றால் பூகோளச் சங்கடம். ஐ.பி.எல். பந்தயத்தில் தமிழ்நாட்டுக்காரர் என்ற முறையில் அவருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் சொந்தக் கட்சி. அந்தக் கட்சியின் சேப்பாக்கம் மைதானமோ ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். எதிர்க் கட்சியான பெங்களூரு ராயல் சாலஞ்சர்ஸின் சின்னசாமி மைதானம் சுமார் 40 கிலோமீட்டர். மாப்பிள்ளை வீடு எங்கேயோ இருக்க, சம்பந்தி வீட்டுக் கொல்லையிலேயே குடியிருக்கிற மாதிரி! மஞ்சள் சட்டையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு சில்க் போர்டு முனையின் வாகன நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, சிவப்புச் சட்டைக் கடலுக்குள் போய் உட்கார்ந்து, தம் கட்சி பவுண்டரி அடிக்கும்போது கை தட்டலாமா கூடாதா என்று பக்கத்து ஆசாமியின் முகத்தைப் பார்த்துக் கை தட்ட வேண்டியது. ஆட்டம் முடிகிறபோது நள்ளிரவு. அதற்கப்புறம் பஸ்ஸைத் தேட வேண்டியது. (2025 ஆகஸ்டில் ராஷ்ட்ரீய வித்யாலயா ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் மஞ்சள் பாதை! ஓசூர் ரஸிகர்கள் இதைத் தங்களுக்குச் செய்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள்.)

நான் சொல்லும் ரஸிகர் காவேரிப்பட்டணத்துப் பக்கத்துக்காரர். ஓசூரில் வாடகை வீடு. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஷாப் உத்தியோகம். அதாவது தூங்குவது தமிழ்நாட்டில், சம்பளம் வாங்குவது கர்நாடகத்தில். பக்கத்து மிஷினில் நிற்பவர் ஆனேகல்காரர், கன்னடியர், பெங்களூருக் கட்சி. வயதில் இளையவராகையால் இவரை "அண்ணா" என்பார். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம் இருப்பது சௌகரியம்.

2024ஆம் வருஷத்து மே மாதம். பத்துக் கட்சிகள், கட்சிக்குப் பதினான்கு ஆட்டம், முதல் நாலு ஸ்தானத்துக்கு வந்தவர்களுக்கு மேல் சுற்று. மூன்று ஸ்தானம் நிரம்பிவிட்டது. நாலாவது ஸ்தானத்துக்குச் சென்னையும் பெங்களூரும் மோத வேண்டும், அதுவும் லீகில் தங்கள் கடைசி ஆட்டத்தில், மே 18, சனிக்கிழமை இரவு, சின்னசாமி மைதானத்தில்.

பெங்களூர் அந்த இடத்துக்கு வந்த கதையே வேடிக்கை. முதல் எட்டு ஆட்டத்தில் ஏழில் தோற்று அடிமட்டத்தில் கிடந்த கட்சி அது. ஏப்ரல் மாதத்தில் எங்கள் நண்பர் அந்த ஆனேகல்காரரைப் பார்த்து அனுதாபப்பட்டிருக்கிறார். ஒருநாள் டீக்குக் காசு கூடக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அவர்கள் வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்துவிட்டார்கள். "டீக் காசைத் திருப்பிக் கேட்கணும் போல இருந்தது ஸார்" என்றார் நண்பர்.

சென்னைக்கு 14 புள்ளி, பெங்களூருக்கு 12. பெங்களூர் ஜெயித்தால் இரண்டு பேருக்கும் 14. அப்போது யார் மேலே? இங்கேதான் 'நெட் ரன் ரேட்' என்கிற பூதம் புறப்படுகிறது.

கிரிக்கெட்டில் சிரத்தை இல்லாத நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது வீட்டுக் கணக்குத்தான். மாதம் பூராவும் நாள் ஒன்றுக்குச் சராசரி எவ்வளவு வரவு, சராசரி எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு, வரவிலிருந்து செலவைக் கழித்தால் என்ன மிஞ்சும்? அதேதான். ஒரு கட்சி மொத்தப் பந்தயத்திலும் ஓவர் ஒன்றுக்கு எத்தனை ரன் எடுத்தது, எத்தனை ரன் கொடுத்தது, மிச்சம் என்ன என்பதே நெட் ரன் ரேட். நடுவில் ஒரு சூக்ஷ்மம் உண்டு: பத்துப் பேரும் அவுட் ஆகிப் பத்தாவது ஓவரிலேயே மூட்டை கட்டினாலும் இருபது ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு. செலவாளிப் பிள்ளை பத்துத் தேதிக்கே சம்பளத்தைத் தீர்த்துவிட்டாலும் மாதத்துக்கு முப்பது நாள் என்பது மாறாது அல்லவா?

இந்தக் கணக்குப்படி மே 18ஆம் தேதி ஏற்பட்ட நிலைமை: பெங்களூர் முதலில் ஆடி 200 ரன் வாக்கில் எடுத்தால், குறைந்தது 18 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அதற்குக் குறைவாக ஜெயித்தால் ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. தோற்ற சென்னை மேலே போய்விடும்! விராட் கோலியின் சட்டை எண் 18. தேதி 18. வேண்டிய ரன் 18. போதாததற்கு 2013, 2014 இரண்டு வருஷமும் மே 18ஆம் தேதி பெங்களூர் சென்னையைத் தோற்கடித்திருந்தது. ஓசூரில் நாலைந்து நாளாக இதே பேச்சு. சந்திரசூடேசுவரர் மலைக்குப் படியேறிப் போனவர்களில் எத்தனை பேர் எந்தக் கட்சிக்காக அர்ச்சனை செய்தார்கள் என்று அர்ச்சகரைக் கேட்டால் தெரியும். கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்றாக ஒரே நட்சத்திரத்தில் இரண்டு வேண்டுதல் வந்தால் சுவாமி என்ன செய்வார், பாவம்!

இரண்டு நண்பர்களுக்கும் ஒரு பந்தயம். யார் கட்சி மேல் சுற்றுக்குப் போகிறதோ அவருக்கு மற்றவர் தொன்னை பிரியாணி வாங்கித் தர வேண்டியது.

சனிக்கிழமை நண்பருக்கு இராத்திரி பத்து மணி ஷிப்டு. முறை மாற்றிக்கொள்ள முயன்றார். அன்று முறை மாற்றிக்கொள்ள ஆசைப்படாதவர் யார்? கம்பெனி பஸ்ஸில் போகும்போது கைபேசியில் பெங்களூர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று ஓவரில் 31 ரன், மழை! பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப் பேர் 'பெய்யட்டும்' என்றார்கள், பாதிப் பேர் 'நிற்கட்டும்' என்றார்கள். மழை பெய்து ஆட்டம் ரத்தானால் ஆளுக்கு ஒரு புள்ளி, சென்னை மேலே. எங்கள் நண்பர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாராம். மழை நின்றுவிட்டது. ஆட்டம் முழு இருபது ஓவரும் நடந்தது. கோலி 47, டூப்ளெஸ்ஸி 54, பட்டிதார் 41, கடைசியில் கிரீன் 17 பந்தில் 38. மொத்தம் ஐந்து விக்கெட்டுக்கு 218. சென்னைக்கு ஜெயிக்க 219 வேண்டும். ஆனால் பிழைக்க 201 போதும்.

இருநூற்று ஒன்று! கேட்டில் கைபேசியைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு, மிஷினுக்கு முன்னால் நின்றபோது நண்பரின் மனத்தில் அந்த எண் ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

முதல் பந்திலேயே காப்டன் ருதுராஜ் அவுட். ரவீந்திரா பிரமாதமாக ஆடி 61 எடுத்து, ஓட வேண்டாத இடத்தில் ஓடி ரன் அவுட். துபே 15 பந்தில் 7. எல்லாம் முடிந்தது என்று சிவப்புச் சட்டைக்காரர்கள் துள்ளிக்கொண்டிருக்கையில் ஜடேஜாவும் தோனியும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசி ஓவர். 201க்கு இன்னும் 17 ரன். பந்து போடுகிறவர் யஷ் தயாள். இந்தப் பிள்ளையின் பூர்வ கதையையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் குஜராத் கட்சிக்கு ஆடும்போது, கடைசி ஓவரில் ரிங்கு ஸிங் இவருடைய ஐந்து பந்தை வரிசையாக ஸிக்ஸர் அடித்துத் தோற்கடித்தார். அப்படிப்பட்டவரிடம் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள், எதிரே தோனி!

முதல் பந்து ஸிக்ஸர். சாதாரண ஸிக்ஸர் இல்லை, 110 மீட்டர். மைதானத்துக் கூரையைத் தாண்டிப் பந்து வெளியே போய்விட்டது. இன்னும் ஐந்து பந்தில் 11. தோனிக்கு அது எம்மாத்திரம்? ஆனால் விதி வேறு வழியாக வந்தது. மழை ஈரத்தில் நனைந்து வழவழவென்று இருந்த பழைய பந்து தெருவோடு போயிற்று. நடுவர்கள் வேறு பந்து கொடுத்தார்கள்; அது உலர்ந்த பந்து; பிடித்துப் போடச் சுகம். தோனி அந்த ஸிக்ஸரை அடித்ததுதான் தங்களுக்கு நடந்த பெரிய நன்மை என்று பெங்களூர்க் கட்சியின் தினேஷ் கார்த்திக்கே பிற்பாடு சொன்னார். இரண்டாவது பந்து வேகம் குறைந்து வந்தது, தோனி தூக்கினார், எல்லைக்கோட்டருகே பிடித்துவிட்டார்கள். மூன்றாவது பந்தில் ரன் இல்லை. நாலாவதில் ஒன்று. ஐந்தாவதில் ஜடேஜா வீசினார், படவில்லை. ஆறாவதிலும் வீசினார், படவில்லை.

191.

நள்ளிரவு டீ கொண்டுவந்த கான்டீன் பையன் அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். மிஷின் சத்தத்தில் நண்பர் அதை 201 என்று கேட்கப் பார்த்திருக்கிறார், காது ஒத்துழைக்கவில்லை. பக்கத்து மிஷினில் ஆனேகல்காரர் குதிக்கவில்லை, கூவவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். விடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை கேலி கிடையாது. நண்பருக்கு அதுதான் சகிக்கவில்லை. "திட்டியிருந்தா பதிலுக்கு 2011லே சேப்பாக்கத்திலே கப் யாருது, யார் கிட்டே தோத்தீங்கன்னு கேட்டிருப்பேன். அவன் வாயே தொறக்கலை. நான் யார் கிட்டே சண்டை போடறது?"

காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து கைபேசியை எடுத்து, பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கடைசி ஓவரை மட்டும் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஓசூர் வருவதற்குள் ஆறு தடவை. ஆறாவது தடவை பார்க்கும்போதும் ஜடேஜா அந்தக் கடைசிப் பந்தை அடித்துவிடுவார் என்றே தோன்றியதாம்.

முடிவில் பெங்களூரின் நெட் ரன் ரேட் 0.459, சென்னையுடையது 0.392. வித்தியாசம் 0.067. நம் முன்னோர் இதற்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி அல்லது வீசம் என்று பெயர். இந்த வித்தியாசம் அந்த வீசத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்தப் பத்து ரன் கிடைத்திருந்தால் நிலைமை தலைகீழாகி, சென்னை மேலே இருந்திருக்கும்; எவ்வளவு மேலே? நான் போட்டுப் பார்த்த கணக்கில் சுமார் இரண்டு முந்திரி. முந்திரி என்றால் கடையில் விற்கிற முந்திரி அல்ல; 320இல் ஒரு பங்கு. பதினான்கு ஆட்டம், சுமார் இருநூற்றெழுபது ஓவர் ஆடிய பிறகு இரண்டு கட்சியையும் பிரித்தது இதுதான்.

அது நியாயமா என்று கேட்பீர்கள். புள்ளி சமமானால் இருவரும் நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கலாமே என்பது ஒரு வாதம். பார்த்தால், மார்ச் 22ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை ஜெயித்தது, மே 18இல் பெங்களூர் ஜெயித்தது. அங்கேயும் சமம்! ஆகவே வேறு வழியில்லை என்பது என் அபிப்பிராயம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

பத்து ரன்னை எங்கே தொலைத்தோம் என்று தேட ஆரம்பித்தார் நண்பர். ரஸிகர்களுக்கு வரும் வியாதியில் இதுதான் முற்றிய கட்டம். தோற்ற அன்றோடு துக்கம் நிற்பதில்லை. பின்னோக்கி நடந்து, இரண்டு மாதத்து ஆட்டங்களை எல்லாம் புரட்டுகிறது. ஏப்ரல் 23, சேப்பாக்கம்: சென்னை 210 எடுத்தும் லக்னோக் கட்சியின் ஸ்டாய்னிஸ் 124 அடித்து மூன்று பந்து மிச்சம் வைத்துத் தட்டிக்கொண்டு போனார். மே 10, ஆமதாபாத்: குஜராத் 231, 35 ரன்னில் தோல்வி. அதில் 103 அடித்தவர் யார்? சென்னைப் பிள்ளை ஸாய் ஸுதர்ஸன்! நம் வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய் நம் கண்ணாடியை உடைத்த கதை. இதைச் சொல்லும்போது நண்பருக்கு இன்னொரு ஆற்றாமையும் வந்துவிடும். மே 18இல் சென்னைக்கு ஆடியவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கூட இல்லை. ஒரே தமிழர் தினேஷ் கார்த்திக், அவர் பெங்களூர்க் கட்சி. பக்கத்துச் சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜன் ஹைதராபாத்துக்குப் பந்து போட்டார். "அப்படியிருக்க நீங்கள் எதற்காகச் சென்னைக்காக உருகுகிறீர்கள்?" என்று கேட்டேன். "பொண்ணு கொடுத்த வீட்டிலே மாப்பிள்ளை எந்த ஊர்னு பார்ப்பாங்களா ஸார்?" என்றார். இந்த உபமானம் எனக்கு முழுவதும் விளங்கவில்லை. இருந்தாலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆனேகல்காரர் வாயைத் திறந்தார். சொன்னது ஒரே விஷயம்: "அண்ணா, 2012 ஞாபகம் இருக்கா?"

நண்பருக்கு இல்லை. அவருக்கு இருந்தது. 2012 மே 20ஆம் தேதி பெங்களூர் தன் கடைசி ஆட்டத்தில் ஹைதராபாத்தில் 9 ரன்னில் தோற்றது. அதனால் சென்னைக்கும் பெங்களூருக்கும் 17, 17 புள்ளி. நெட் ரன் ரேட்டில் சென்னை 0.100, பெங்களூர் கழித்தல் 0.022. வித்தியாசம் ஏறக்குறைய அரைக்கால். அந்த அரைக்காலில் ஏறி உட்கார்ந்து சென்னை இறுதி ஆட்டம் வரைக்கும் போயிற்று. ஓசூரில் அன்று வெடி வெடித்தார்கள். ஆனேகலில் ஒரு பையன் சாப்பிடாமல் படுத்தான். பன்னிரண்டு வருஷம் அந்தப் பின்னத்தை அவர் மனத்தில் வைத்திருந்திருக்கிறார். ஜெயித்த கணக்கை ரஸிகன் மறந்துவிடுகிறான். தோற்ற கணக்குக்கு மட்டும் தசம ஸ்தானம் மூன்று வரை ஞாபகம்!

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதில் லீகில் முதலாவது வருவதற்குக் கொடி வெல்வது என்று பெயர். 1951இல் நியூயார்க் நகரத்துக்குள்ளேயே இரண்டு கட்சிக்குக் கொடிப் போட்டி. ஆகஸ்டு நடுவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பதின்மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்தார்கள். ஜயண்ட்ஸ் துரத்தித் துரத்தி வந்து சமமாகி, அக்டோபர் 3ஆம் தேதி தனியாக வைத்த ஆட்டத்தில் பாபி தாம்ஸன் என்பவர் அடித்த ஒரே அடியில் கொடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். புரூக்ளின்காரர்கள் வருஷா வருஷம் தோற்றுவிட்டு 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். பெங்களூர்க்காரர்கள் ஒருபடி மேலே போய், வருஷ ஆரம்பத்திலேயே 'ஈ ஸாலா கப் நம்தே', அதாவது இந்த வருஷம் கோப்பை நம்முடையதே, என்று சொல்லிவிட்டுத் தோற்பார்கள். புரூக்ளினுக்கு 1955இல் கோப்பை கிடைத்தது. 1957 ஆட்டங்கள் முடிந்ததும் முதலாளி கட்சியையே பெட்டி கட்டி லாஸ் ஏஞ்ஜல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "கட்சியையே கொண்டு போவாங்களா?" என்று திடுக்கிட்டார். பிறகு யோசித்துவிட்டு, "நம்மளையும் 2018லே புனாவுக்குக் கொண்டுபோனாங்களே!" என்றார்.

வாஸ்தவந்தான். 2018 ஏப்ரலில் காவேரிப் பிரச்னையால் சென்னையில் கிளர்ச்சி; முதல் ஆட்டத்தோடு சேப்பாக்கத்தை மூடிவிட்டு, மீதி ஆட்டங்களைப் புனாவில் நடத்தினார்கள். மற்ற ஊர் ரஸிகருக்கு அது பத்திரிகைச் செய்தி. ஓசூர்க்காரருக்குக் காவேரி என்றால் 2016 செப்டம்பர் 12ஆம் தேதி. அன்று பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. எல்லையில் பஸ்கள் நின்றுவிட்டன. ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாக அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் நடுவே நடந்தார்கள். நண்பர் அன்று முதல் ஷிப்டு. கம்பெனி பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனேகல்காரர் தம் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றி, முக்கிய ரஸ்தாவை விட்டுவிட்டு ஏரிக்கரையும் ராகிக் கொல்லையுமாகச் சுற்றி, எல்லைக்கு அரை மைல் முன்னால் கொண்டுவந்து இறக்கினாராம். "நீ பேசாதே அண்ணா, யார் கேட்டாலும் நான் பேசிக்கறேன்" என்பது மட்டும் நிபந்தனை. "அன்னிக்கு அவன் என்னைப் பேச விடலை, மே 18 ராத்திரி அவன் பேசலை" என்றார் நண்பர்.

பிரியாணிப் பந்தயம் வழக்கில் நின்றுவிட்டது. மே 22ஆம் தேதி பெங்களூர், ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறிவிட்டது. "நாலு நாள் இருந்துட்டுப் போறதுக்கு மேல் சுற்றுன்னு பேரா? கப் வாங்கினா பிரியாணி" என்று நண்பர் சாதித்துவிட்டார். சட்டப்படி இது செல்லாது என்பது என் கட்சி. ஆனால் ஆனேகல்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். பதினேழு வருஷமாக வராத கோப்பை எங்கே வரப்போகிறது என்று அவரே நினைத்தாரோ என்னவோ!

2025 மே 3. மறுபடியும் அதே மைதானம், மறுபடியும் கடைசி ஓவர், மறுபடியும் யஷ் தயாள். வேண்டியது 15. இந்தத் தடவை சென்னை இரண்டே ரன்னில் தோற்றது. நண்பர் வீட்டில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். ஒன்றுமே தோன்றவில்லையாம்! சென்னை மூன்று நாளைக்கு முன்பே பந்தயத்தை விட்டு வெளியேறி, அந்த வருஷம் முதல் தடவையாகக் கடைசி ஸ்தானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போட ஒன்றும் இல்லை. 27 ரன்னில் தோற்றபோது தூங்காத மனிதர் 2 ரன்னில் தோற்ற அன்று பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

ஜூன் 3ஆம் தேதி ஆமதாபாத்தில் பெங்களூர், பஞ்சாபை 6 ரன்னில் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. மறுநாள் மாலை வெற்றி விழா, சின்னசாமி மைதானத்தில். லட்சக்கணக்கில் கூட்டம், வாசலில் நெரிசல், 11 பேர் இறந்தார்கள். பலரும் சின்ன வயது.

ஆனேகல்காரரின் பையன் காலேஜில் படிக்கிறான், அவனும் போயிருந்தான். சாயந்திரம் ஐந்தரை மணிக்கு நண்பருக்குச் செய்தி தெரிந்தது. பையனின் எண்ணுக்குக் கூப்பிட்டார், கிடைக்கவில்லை. தகப்பனாரைக் கூப்பிட்டார், அவரும் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மாறி மாறி, ஒருவருக்கொருவர் குறுக்கே, எட்டரை மணி வரைக்கும். ரயில் நிலையங்களை மூடிவிட்டதால் பையன் சாந்தி நகர் வரைக்கும் நடந்து, யாருடைய கைபேசியிலிருந்தோ பேசினான். ஒற்றைச் செருப்போடு பத்து மணிக்கு மேல் வீடு வந்து சேர்ந்தான்.

அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் நண்பர் பிரியாணிக் கடனைத் தீர்த்தார். கோப்பையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பையனையும் கூப்பிட்டிருந்தார், அவன் வரவில்லை. அவனுக்கென்று இரண்டு தொன்னை கட்டி வாங்கி, ஆனேகல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.